மதில் வாங்கிக் கொடுத்த நாட்கள்: இடைக்கால முற்றுகைப் போர் உண்மையில் எப்படி நடந்தது?

கேள்வி இதுதான்: "இடைக்கால ஐரோப்பாவில் கோட்டையைத் தாக்கியவர்களும் காத்தவர்களும் என்னென்ன உத்திகளைக் கையாண்டார்கள்? படங்களில் வருவதுபோல் ஏணி வைத்து ஏறுவதும், மேலிருந்து கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவதும்தானா? அவ்வளவு கனமான மதில் இருந்தும் கோட்டைகள் ஏன் விழுந்தன?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும். நான் கட்டுமானப் பொறியாளன். சுவர் கட்டுவதும் இடிப்பதும் என் தொழில். போதிய ஆளும் போதிய நாளும் கொடுத்தால் இடிக்க முடியாத சுவர் என்று ஒன்று கிடையாது. இது அந்தக் காலத்துக் கொத்தனாருக்கும் தெரியும், அவருக்குக் கூலி கொடுத்த அரசனுக்கும் தெரியும். எதிரியை என்றென்றைக்கும் வெளியே நிறுத்தி வைக்கும் என்று நம்பி யாரும் மதில் எழுப்பவில்லை. மதில் நாட்களை வாங்கிக் கொடுத்தது. அந்த நாட்களுக்குள் மீட்புப் படை வந்து சேர வேண்டும், அல்லது வெளியே இருப்பவன் பசியாலும் நோயாலும் கூடாரத்தைச் சுருட்ட வேண்டும். தாக்குபவனின் உத்திகள் எல்லாம் அந்த நாட்களைக் குறைக்க. காப்பவனின் உத்திகள் எல்லாம் கூட்ட.

"கோட்டைக்குள் இருப்பவன் இருந்துவிட்டுப் போகட்டும், நாம் தாண்டிப் போய் நாட்டைப் பிடித்துக்கொள்ளலாமே" என்று படைத் தலைவன் நினைக்க முடியாது. உள்ளே ஐம்பது குதிரை வீரர்கள் இருந்தாலே போதும். படை கடந்து போனதும் வெளியே வந்து, பின்னால் வரும் உணவு வண்டிகளை மடக்கிவிட்டு மீண்டும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆகவே கோட்டையைப் பிடித்தே ஆக வேண்டும். அங்கேதான் தாக்குபவனின் இக்கட்டு தொடங்குகிறது. நிலம் பெற்ற பிரபு தன் அரசனுக்குச் செய்ய வேண்டிய படைச் சேவை வழக்கமாக ஆண்டுக்கு 40 நாட்கள். அதற்கு மேல் ஆளை நிறுத்தி வைக்கப் பணம் வேண்டும். திறந்தவெளியில் பெரும் போர்கள் அரிதாகவும் முற்றுகைகள் ஓயாமலும் நடந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். நம் இலக்கணத்திலேயே எதிரியின் மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் தனித்தனித் திணை உண்டு. போரின் இந்த முகம் எவ்வளவு பழையது என்பதற்கு அது போதும்.

திறந்தவெளிப் போர்களில்கூடச் சில, முற்றுகையின் நாட்கணக்கிலிருந்து பிறந்தவைதாம். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையை ஆங்கிலேயர்களுக்காகக் காத்து நின்ற பிலிப் மவ்பிரே, முற்றுகையிட்ட ஸ்காட்லாந்துத் தலைவர் எட்வர்ட் புரூசுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: 1314 ஜூன் 24-க்குள் ஆங்கிலேய மீட்புப் படை வராவிட்டால் கோட்டை உங்களுக்கு. மானம் கெடாமல் சரணடைய இப்படி ஒரு வழக்கம் அன்று பரவலாக இருந்தது. அந்தக் கெடுவுக்குள் வந்து சேர்ந்த ஆங்கிலேயப் படை பானக்பர்னில் தோற்றது.

இனி ஏணிக்கு வருகிறேன். ஏணி வைத்து ஏறுவது உண்மைதான். ஆனால் அதுதான் மிகவும் விலை கொடுக்க வேண்டிய வழி. மதிலில் உள்ள அம்புத்துளை வெளிப்பக்கம் ஒரு கையளவே அகலம். உட்பக்கம் ஓர் ஆள் நின்று இரு பக்கமும் திரும்பிக் குறிபார்க்கும் அளவுக்கு விரிந்திருக்கும். மதிலின் உச்சியில் வெளியே நீட்டியபடி மரத் தாழ்வாரம் ஒன்றைக் கட்டி, அதன் தரையில் துளை விட்டிருப்பார்கள். மதிலின் அடிக்கு வந்து ஒட்டிக்கொள்பவன்மேல் நேர்கீழே கல்லைப் போடுவதற்கு அந்தத் துளை. பிற்காலத்தில் இதையே கல்லால் கட்டினார்கள். கொத்தளங்கள் மதிலை விட்டு முன்னே துருத்தி நிற்பதால், ஏணியில் ஏறுபவனுக்கு இரு விலாப்பக்கமிருந்தும் அம்பு வரும்.

கொதிக்கும் எண்ணெய் பற்றி: எண்ணெய் விலை உயர்ந்த பொருள், முற்றுகைக் காலத்தில் அது உணவும்கூட. அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றினார்கள் என்பது மிகை. கல்தான் முதன்மையான ஆயுதம். அதற்கடுத்து கொதிநீர், கண்ணைக் குருடாக்கும் சுண்ணாம்பு, கவச இடுக்கில் புகுந்து தோலைப் பொசுக்கும் சுடுமணல்.

கல் எறியும் பொறிகளைப் பற்றி நம்மவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பாரம், மறுமுனை மேலே எழும்புகிறது. அதன் எழும்பும் முனையில் சால் தொங்கும் இடத்தில் ஒரு கவணைக் கட்டி, எதிர்முனையில் மனிதனின் எடைக்குப் பதிலாக டன் கணக்கில் கல்லும் ஈயமும் நிரப்பிய பெட்டியைத் தொங்கவிட்டால், அதுதான் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பாவை ஆட்டிவைத்த பொறி. அதற்கு முந்தையதில் ஆட்களே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஆட்கள் களைப்பார்கள், ஒரே சீராக இழுக்க மாட்டார்கள். பாரப்பெட்டியோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் விழும். கல்லும் ஏறத்தாழ அதே இடத்தில் போய் அடிக்கும். மதிலைத் தகர்ப்பதற்கு வலிமையைவிட இந்த ஒரே இடத்து அடிதான் முக்கியம்.

1191-இல், சிலுவைப் போரின்போது, பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள ஏக்கர் என்ற நகரத்தின் முற்றுகையில் பிரெஞ்சு அரசனின் பொறி ஒன்றுக்குக் 'கெட்ட அண்டைவீட்டான்' என்று பெயர். அதற்கு எதிராக நகருக்குள்ளிருந்து கல் எறிந்த பொறிக்குக் 'கெட்ட பங்காளி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று உடைத்துக்கொண்டே இருந்தன. காப்பவனிடமும் பொறி இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1304-இல் ஸ்டர்லிங்கை முற்றுகையிட்ட ஆங்கிலேய அரசர் முதலாம் எட்வர்ட், எதிர்ப்பாரத்துக்காகத் தேவாலயக் கூரைகளின் ஈயத்தகட்டையே உரித்தெடுத்தார். 'போர் ஓநாய்' என்ற மாபெரும் பொறியைத் தச்சர்கள் செய்து முடிப்பதற்குள், உள்ளே இருந்த முப்பது பேர் சரணடைய முன்வந்துவிட்டார்கள். எட்வர்ட் ஏற்கவில்லை. பொறியை மதில்மீது ஏவிப் பார்த்த பிறகே சரணை ஏற்றார். பணியத் தயாராக நின்ற மனிதர்களைப் பொறியின் சோதனைக்காகச் சாவின் முன் நிறுத்திய அந்தச் செயலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

ஆனால் கல்லைவிட மதிலுக்குக் கொடிய பகைவன் மண்வெட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்கள் இதைக் காட்டுவதே இல்லை.

இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகரில் 1127-இல் கட்டத் தொடங்கிய கோபுரக் கோட்டை ஒன்று இன்றும் நிற்கிறது. நூறு அடிக்கு மேல் உயரம், அடிப்பகுதியில் ஏறத்தாழ 12 அடி கனமான சுவர். நான்கு மூலைகளில் மூன்று சதுரம், தென்கிழக்கு மூலை மட்டும் வட்டம். அந்த ஒரு மூலை ஏன் மாறியது என்பதுதான் கதை. 1215 அக்டோபரில் அரசன் ஜானை எதிர்த்த பிரபுக்கள் இந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜான் வந்து வளைத்தார். கல் எறியும் பொறிகள் இரவும் பகலும் அடித்தும் கோபுரம் அசையவில்லை. கேன்டர்பரியிலிருந்து முடிந்தவரை குந்தாலிகள் செய்து அனுப்பச் சொல்லி ஆணை போனது. சுரங்கம் தோண்டுபவர்கள் தென்கிழக்கு மூலையின் கடைக்காலுக்கு அடியில் புகுந்தார்கள்.

வேலை இப்படித்தான் நடக்கும்: கடைக்காலுக்கு அடியில் மண்ணை எடுக்க எடுக்க, மேலே உள்ள கட்டுமானம் இறங்கிவிடாமல் மரத்தால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் அந்த மூலையின் முழு எடையும் கடைக்காலிலிருந்து மாறி மரமுட்டுகளின்மேல் உட்கார்ந்துவிடும். பிறகு முட்டுகளைச் சுற்றிச் சுள்ளியை அடைத்துத் தீ வைத்துவிட்டு வெளியே ஓடிவிட வேண்டும். முட்டு எரிந்தால் மூலை இறங்கும். சொல்வதற்கு எளிது. ஆனால் நிலத்தடியில் காற்றோட்டம் குறைவு, மண்ணில் ஈரம், மரமும் ஈரம். தீ புகைந்து அணைந்துவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் வீண். நவம்பர் 25-ஆம் நாள் ஜான் தன் தலைமை அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு ஆணை அனுப்பினார்: உண்பதற்கு உதவாத, கொழுத்த பன்றிகள் நாற்பதை இரவு பகலாக விரைந்து அனுப்பு, கோபுரத்துக்கு அடியில் தீ மூட்ட வேண்டும். பன்றிக் கொழுப்பு தீயை விடாமல் பிடித்துக்கொள்ளும். மூலை சரிந்தது.

அப்போதும் கோட்டை விழவில்லை என்பதுதான் வியப்பு. கோபுரத்துக்குள்ளே குறுக்காக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். காவலர்கள் அந்தச் சுவருக்கு மறுபக்கம் பின்வாங்கி, பாதிக் கோபுரத்திலிருந்து போரிட்டார்கள். உணவாகக் குதிரை இறைச்சி மட்டுமே மிஞ்சியிருந்தது. அவர்களை வீழ்த்தியது கடைசியில் அந்தப் பசிதான். நவம்பர் 30-இல் சரணடைந்தார்கள். மூலையைத் திரும்பக் கட்டியவர்கள் வட்டமாகக் கட்டினார்கள். சதுர மூலையில் இரண்டு சுவர்களின் பாரம் ஒரு முனையில் வந்து சேர்கிறது. அந்த முனையைப் பறித்தால் இரண்டும் போகும். வட்டத்தில் அப்படிப் பறிக்க ஒரு முனை கிடையாது, அம்பு எட்டாத மறைவும் குறைவு.

அந்த ஆணையைப் பெற்ற ஹியூபர்ட் டி பர்க் அடுத்த ஆண்டே சுவருக்கு உள்பக்கம் நிற்க நேர்ந்தது. 1216-இல் டோவர் கோட்டையை அவர் காத்தபோது பிரெஞ்சு இளவரசர் லூயியின் ஆட்கள் வடக்கு வாயிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வாயில் கோபுரம் ஒன்றைச் சரித்துவிட்டார்கள். ஹியூபர்ட்டின் ஆட்கள் உத்தரங்களையும் மரத்தூண்களையும் உடைப்பில் திணித்து அடைத்தார்கள். உடைப்பு வழியாக உள்ளே வந்தவர்கள் திருப்பித் துரத்தப்பட்டார்கள். கோட்டை நின்றது. பிறகு அந்த வாயிலையே நிரந்தரமாக அடைத்துவிட்டு, வேறு பக்கத்தில் புதிய வாயில் கட்டினார்கள். எந்தக் கோட்டையிலும் வாயில்தான் மெலிந்த இடம். டோவர் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

சுரங்கத்துக்கு மருந்து எதிர்ச்சுரங்கம். 1453-இல் கான்ஸ்டான்டினோபிளில் யோஹான்னஸ் கிராண்ட் என்ற பொறியாளர் துருக்கியரின் சுரங்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, எதிர்ப்பக்கமிருந்து தோண்டிப் போய் நெருப்பாலும் நீராலும் அழித்தார். பிடிபட்ட துருக்கிய அதிகாரி ஒருவர் மற்றச் சுரங்கங்களின் இடத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதே முற்றுகையில் பீரங்கி மதிலை உடைத்த இடங்களில், காவலர்கள் இரவோடு இரவாக மண் நிரப்பிய பீப்பாய்களையும் மரத்தையும் அடுக்கித் தடுப்பு எழுப்பினார்கள். கல் அடிபட்டால் நொறுங்கும், மண் அடியை விழுங்கிக்கொள்ளும். பிற்காலக் கோட்டைகள் தாழ்ந்து தடித்து மண்ணைப் போர்த்திக்கொண்டதும் இதே காரணத்தால்தான். ஏறத்தாழ 7,000 பேரை வைத்துக்கொண்டு அந்த நகரம் 53 நாட்கள் தாங்கியது.

வஞ்சகமும் ஓர் உத்தி. 1271-இல் சிரியாவில் கிராக் டி செவாலியே கோட்டையின் வெளி அரண்களைப் பிடித்த மம்லூக் சுல்தான் பைபர்ஸ், உள்கோட்டையை முட்டி மோதிப் பிடிக்கவில்லை. 'சரணடைந்துவிடுங்கள்' என்று காவலர்களின் மேலிடத்திலிருந்து வந்ததுபோல் ஒரு போலிக் கடிதத்தை உள்ளே அனுப்பினார், கதவு திறந்தது.

பசி உள்ளே இருப்பவனை மட்டும் கொல்வதில்லை. 1097 அக்டோபரில் அந்தியோக்கை வளைத்த சிலுவைப் படை, குளிர்காலம் முழுவதும் தானே பட்டினி கிடந்தது. அடுத்த ஜூனில், ஃபிரூஸ் என்ற காவலர் ஒருவரை வசப்படுத்தி இரவில் உள்ளே நுழைந்தது. சில நாட்களுக்குள் மோசுல் ஆட்சியாளர் கெர்போகாவின் பெரும்படை வந்து நகரைச் சூழ்ந்தது. எட்டு மாதம் வெளியே பசியோடு இருந்தவர்கள், எல்லாம் தீர்ந்துபோன நகரத்துக்குள் பசியோடு அடைபட்டார்கள். 1415-இல் ஆங்கிலேய அரசர் ஐந்தாம் ஹென்றி பிரான்சின் ஹார்ஃப்ளர் துறைமுகத்தை ஐந்து வாரத்தில் பிடித்தார். அதற்குள் பாளையத்தில் சீதபேதி பரவிப் படையில் பலரை முடக்கிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் கூடாரம் அடித்தால், கழிவு எங்கே போகும், குடிநீர் எங்கிருந்து வரும்? உள்ளே இருப்பவன் எதிர்பார்த்திருந்த நட்புப் படை பல சமயம் இந்த நோய்தான்.

இத்தனை உத்திகளும் ஒரே இடத்தில் சந்தித்த ஒரு முற்றுகையைச் சொல்லி முடிக்கிறேன். நார்மண்டியில் செய்ன் நதியின் வளைவில், சுண்ணாம்புப் பாறை உச்சியில், ஷாத்தோ கயார் என்ற கோட்டையை ஆங்கிலேய அரசர் முதலாம் ரிச்சர்ட் 1196 முதல் 1198 வரை கட்டினார். இரண்டே ஆண்டுகளில், 12,000 பவுண்டு அளவுக்குச் செலவழித்து. ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அரண்கள், இடையில் அகழிகள். ரூவான் நகருக்குப் போகும் ஆற்றுவழியை அது பூட்டி நின்றது. ரிச்சர்ட் 1199-இல் இறந்தார். பிற்பாடு ராச்செஸ்டரை வளைத்த அதே தம்பி ஜான் அரசரானார். 1203-இல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் வந்து வளைத்தார்.

கோட்டைத் தலைவர் ரோஜர் டி லேசி. ஆற்றுவழியாகவும் நிலவழியாகவும் ஒரே நேரத்தில் தாக்க ஜான் அனுப்பிய மீட்புப் படை, நீரோட்டத்தைத் தவறாகக் கணித்தது. படகுகள் பிந்தின, நிலப்படை தனியே மாட்டிக்கொண்டது. பிலிப் அவசரப்படவில்லை. கோட்டையைச் சுற்றி அகழி வெட்டி, மரக் காவற்கோபுரங்களை எழுப்பிவிட்டுக் குளிர்காலத்துக்குக் காத்திருந்தார். அதற்கு முன்பே, அடிவாரத்து ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது ஊர்மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கோட்டைக்குள் ஓடி ஒளிந்திருந்தார்கள். போரிடாத அத்தனை வாய்கள்.

டி லேசி தானியத்தைக் கணக்கிட்டார். மக்களை வெளியே அனுப்பத் தொடங்கினார். முதலில் ஐந்நூறு பேர், பிறகு இன்னும் ஐந்நூறு பேர். பிரெஞ்சுக் காவலர்கள் இரக்கப்பட்டு வழிவிட்டார்கள். இது பிலிப்பின் காதுக்கு எட்டியது. இனி ஒருவரையும் விடக்கூடாது என்று ஆணையிட்டார், வாய்கள் உள்ளேயே இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. அடுத்து வெளியே வந்த நூற்றுக்கணக்கானோர்மேல் அம்பு பாய்ந்தது. திரும்பி ஓடினார்கள். கோட்டைக் கதவு சாத்தியிருந்தது. இரு படைகளுக்கும் நடுவே, அந்தப் பாறைச் சரிவில், குளிர்காலத்தில், முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் மாதக்கணக்கில் கிடந்தார்கள். புல்லைத் தின்றார்கள். கோட்டையிலிருந்து துரத்திவிடப்பட்ட நாய்களைத் தின்றார்கள். கடைசியில் பிலிப் அந்தப் பக்கம் வந்தபோது அவர்களின் ஓலம் கேட்டு உணவு கொடுக்கச் சொன்னார். உடனிருந்த பாதிரியார் ஒருவர் தாம் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார்: ஒருவன் கையில் நாயின் தொடையைப் பிடித்திருந்தான். எறிந்துவிடு என்றார்கள். வயிறு நிறைய ரொட்டி தின்ற பிறகுதான் எறிவேன் என்றான்.

டி லேசிக்கும் கணக்குத் தவறவில்லை, பிலிப்புக்கும் தவறவில்லை. இருவர் கணக்கிலும் அந்த மக்கள் வெறும் நாட்களாகத்தான் இருந்தார்கள். முற்றுகை உத்தி என்று பேசும்போது அம்புத்துளையையும் பொறியையும் மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியவில்லை.

பிப்ரவரியில் தாக்குதல் தொடங்கியது. முதல் அரணின் கொத்தளத்தைச் சுரங்கம் வைத்துச் சரித்தார்கள். இரண்டாம் அரணில், ஜான் பிற்பாடு கட்டிச் சேர்த்த சிறு தேவாலயத்தில் ஒரு பலவீனம் இருந்தது. கழிவறை வழியாக என்றும் சாளரம் வழியாக என்றும் சொல்கிறார்கள். சில வீரர்கள் அதன் வழியே உள்ளே நுழைந்து பெருங்கூச்சல் எழுப்பினார்கள். அவர்களை எரித்துவிடக் காவலர்கள் வைத்த நெருப்பு அவர்கள் பக்கமே திரும்பியது. மூன்றாம் அரணின் அகழியைக் கடக்க இயற்கைப் பாறையையே பாலமாக விட்டுவைத்திருந்தார் ரிச்சர்ட். சுரங்கம் தோண்டியவர்களுக்கு அதுவே மேற்கூரையாகிவிட்டது. காவலர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். இரு பக்கமும் தோண்டியதில் கடைக்கால் மேலும் மெலிந்தது. பொறியின் கல் பட்டதும் மதில் விழுந்தது. 1204 மார்ச் 6. எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர்.

மதில் தன் வேலையைச் செய்திருந்தது. பிரான்சின் அரசரையே ஆறு மாதம் ஒரு பாறையடியில் நிறுத்தி வைத்தது. அந்த ஆறு மாதத்தில் வந்திருக்க வேண்டிய இரண்டாவது மீட்புப் படை வரவே இல்லை. ஜான் டிசம்பர் தொடக்கத்திலேயே கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டிருந்தார். ஜூன் 24-ஆம் நாள் ரூவான் நகரம் பிலிப்புக்குக் கதவைத் திறந்துவிட்டது.